எதற்கென்று சொல்லாமல் கேட்ட மாப்பு

எங்கள் ஆட்களில் ஒருவர் ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறார் என்றால் அதற்கு முன் வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்ல வேண்டும். பயணம் சொல்வது என்றால் போய் வருகிறேன் என்று சொல்வது மட்டுமல்ல. "ஏதும் பிழை செஞ்சிருந்தா மாப்புச் செஞ்சிருங்க" என்று மன்னிப்புக் கேட்பதும்தான். மனிதருக்குச் செய்த பிழையை அந்த மனிதரே மன்னிக்காவிட்டால் படைத்தவனும் மன்னிக்கமாட்டான் என்பது எங்கள் நம்பிக்கை. அதனால் கேட்டுவிட்டுத்தான் விமானம் ஏற வேண்டும். கேட்கிறவர் என்ன பிழை என்று சொல்வதில்லை. கொடுக்கிறவரும் எதற்கு என்று கேட்பதில்லை. ஒரு தேத்தண்ணி, கொஞ்சம் கண்ணீர், அவ்வளவுதான் காரியம்.

போன ஹஜ்ஜுக் காலத்தில் எனக்கும் என் கணவருக்கும் பயணம் கிடைத்தது. அவர் துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், அதிகம் கதைக்காத மனிதர். அவருடைய பங்குக்கும் சேர்த்து நான் கதைத்துத்தான் எங்கள் குடும்பம் நடந்தது. அவர் பள்ளிவாசலில் தொழுகை முடிந்ததும் எழும்பி நின்று எல்லாரிடமும் ஒரேயடியாக மாப்புக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து படுத்துவிட்டார். எனக்கோ ஒரு கிழமை, ஏழு நாளும், போதவில்லை. திருகோணமலை டவுனில் என் வாயில் அகப்படாத ஆட்கள் குறைவு.

வீட்டுக்கு மீன் கொண்டு வருகிற மனிதரிடம்கூடக் கேட்டேன். சைக்கிளை வாசல் படலையில் சாத்திவிட்டு அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"என்ட மீன மோந்து பாத்து மோந்து பாத்து நீங்க சொன்ன கதைக்கெல்லாம் ஒரு ஹஜ் காணாது ராத்தா. ரெண்டு தரம் போகணும்."

நானும் சிரித்தேன். ஒரு சட்டையைக் கெடுத்துவிட்டாள் என்று தெருவே கேட்க நான் ஏசிய தையல்காரப் பெண் என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அது பிடித்துப்போனது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வெளியே வரும்போது குளித்துவிட்டு வந்த மாதிரி இருந்தது. இவ்வளவு லேசான வேலையை ஏன் இத்தனை காலம் தள்ளிப்போட்டேன் என்றுகூட நினைத்தேன்.

பக்கத்து வீட்டை மட்டும் கடைசிக்கு வைத்தேன். பக்கத்தில்தானே, எந்த நேரமும் போகலாம் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

அந்த வீட்டுப் பெண் என்னைவிடக் கொஞ்சம் இளையவள். நானும் அவளும் குடாவுக்கு அக்கரையில் மூதூரில் பிறந்து, கலியாணம் கட்டி இக்கரைக்கு வந்தவர்கள். ஒருவரையொருவர் முறை வைத்து மச்சி என்றுதான் கூப்பிடுவோம். அவள் கணவர் மௌத்தாகிப் பல வருஷமாகிறது. ஒரே மகள். அந்த மகளுக்கு நான் மாமி.

மகள் நடக்கப் பழகி ஓடித் திரிந்த காலத்தில் ஒருநாள் அவளுக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்துவிட்டது. மச்சி கத்திக்கொண்டு எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தாள். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓட்டோவில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனது நான்தான். சின்னப் பிள்ளைகளுக்குக் காய்ச்சலில் இப்படி வருவதுண்டு, பயப்பட ஒன்றுமில்லை என்று டொக்டர் சொன்னார். அவர் சொன்னபடியே அதற்குப் பிறகு ஒருநாளும் வரவில்லை. வார்ட்டில் மச்சி என் கையைப் பிடித்துக்கொண்டு, "பொம்புளப் புள்ள மச்சி, இத ஒருத்தருக்கும் சொல்லிப் போடாதீங்க" என்றாள். நான் தலையாட்டினேன். என்னைத் தவிர அந்த விஷயம் தெரிந்தது மூதூரிலிருந்து உதவிக்கு வந்து நின்ற அவளுடைய தங்கைக்கு மட்டும்தான்.

பிள்ளை வளர்ந்து பெரியவளானாள். ஒரு பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் அவளுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. கிண்ணியாப் பக்கத்துக் குடும்பம், மாப்பிள்ளைக்குச் சீனன்குடாவில் நல்ல உத்தியோகம். இது எதுவும் எனக்குத் தெரியாது. ஒருநாள் காலையில் அவர்கள் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. நல்ல உடுப்பு உடுத்த பெண்கள் இறங்கிப் போனார்கள். உள்ளே பீங்கான் கோப்பைகளின் சத்தம் கேட்டது. என்னை ஒருவரும் கூப்பிடவில்லை.

சம்பந்தக் கதையை முடிவாகும்வரை ஊருக்கு மறைப்பது எங்களுக்குள் வழக்கம்தான். கண்ணூறு பட்டுவிடும் என்ற பயம். என் மகனுக்குப் பெண் பார்த்தபோது நானும் ஒருவருக்கும் சொல்லவில்லை. ஆனாலும் மதிலுக்கு மேலால் கறிக் கோப்பை போய்வராத நாள் இல்லாத வீடு அது. என்னிடமே மறைப்பதா? யாருடைய கண்ணுக்குப் பயம், என் கண்ணுக்கா? அன்றைக்கு முழுவதும் நான் சட்டி முட்டியோடு சண்டை பிடித்தேன். என் கணவர் சாப்பிட்டுவிட்டு எழும்பிப் போனார்.

பெண்ணைப் பார்த்துவிட்டுப் போனவர்கள் பிறகு வந்து அயல் வீடுகளில் விசாரிப்பதும் வழக்கம். அடுத்த நாள் பின்னேரம் அஸர் தொழுகை முடிந்த நேரம், வேனில் வந்தவர்களில் இரண்டு பெண்கள் ஓட்டோவில் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். மச்சி அப்போது வீட்டில் இல்லை, கிளினிக்குக்குப் போயிருந்தாள். வந்தவர்களைக் கதிரையில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்தேன். புள்ள எப்படி என்று கேட்டார்கள்.

"நல்ல புள்ள" என்றேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்துவதற்கு நேரமும் இருந்தது. அவர்கள் தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்கள், ஒருவரும் என்னை நெருக்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

"சின்ன வயசில ஒருக்கா வலிப்பு வந்த. நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனனான். அதுக்குப் பொறகு ஒண்டும் நான் காணல்ல."

ஒருத்தி மற்றவளின் முகத்தைப் பார்த்தாள். கோப்பையில் பாதித் தேத்தண்ணியை வைத்துவிட்டு எழும்பினார்கள்.

நான் சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. அதைத்தான் இத்தனை வருஷமும் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன். கோபத்தில் வாய் தவறிவிட்டது என்று சொல்லவும் எனக்கு வழியில்லை. சொல்லும்போதே அது எங்கே போய் விழும் என்று நன்றாகத் தெரிந்துதான் சொன்னேன். அவர்கள் போனபின் கோப்பைகளைக் கழுவி வைத்துவிட்டு, மச்சி கிளினிக்கால் வரும்போது வாசலில் நின்று, "கிளினிக்கில சனமா?" என்று கேட்டேன்.

கொஞ்ச நாளில் கலியாணத் தரகர் வந்து சம்பந்தம் சரிவராது என்று சொல்லிவிட்டுப் போனார். பிள்ளைக்கு வலிப்பு என்று அவர்கள் கேள்விப்பட்டார்களாம். யார் சொன்னது என்று மச்சி கேட்டதற்கு, உங்களுக்குக் கிட்டின ஆட்கள்தான் என்றாராம். அவள் நேரே என்னிடம்தான் வந்தாள். என் மடியில் தலையை வைத்து அழுதாள்.

"இஞ்சயும் விசாரிக்க வந்தாங்களா மச்சி?"

"வந்தாங்க. நல்ல புள்ள எண்டு சொன்னன்."

"அது எனக்குத் தெரியும்" என்றாள். 

பிறகு தலையை நிமிர்த்தினாள். "இது என்ட தங்கச்சிட வேல. அவள்ட மதினிட மகனுக்குக் கேட்டு நான் குடுக்கல்ல தானே. அந்தக் கோவம். அவளத் தவிர வேற ஆருக்கு மச்சி இது தெரியும்?"

நான் வாயைத் திறந்தால் போதும். திறந்தேன்.

"அப்பிடியும் இரிக்கும்" என்றேன்.

வலிப்புக் கதையைவிட இந்த இரண்டு சொல்லுக்காகத்தான் நான் அதிகம் வெட்கப்படுகிறேன். முதலில் சொன்னதற்குக் கோபம் என்று ஒரு சாட்டாவது இருந்தது. இதற்கு ஒரு கோபமும் இல்லை. என் தோலைக் காப்பாற்ற இன்னொருத்தியைப் பிடித்துக் கொடுத்தேன். மச்சி அன்றோடு தங்கையின் உறவை அறுத்துவிட்டாள். கடற்கரையில் போய் நின்றால் குடாவுக்கு அந்தப் பக்கம் மூதூர் தெரியும். அவ்வளவு கிட்டத்தில் இருந்துகொண்டு இரண்டு சகோதரிகளும் ஒருவர் வீட்டு நல்லது கெட்டதுக்கு ஒருவர் போகவில்லை. மகளுக்கு அதற்குப் பிறகு இன்னொரு சம்பந்தம் வந்து அதுவும் தவறிப்போனது. இனி யாருக்கு முன்னாலும் தட்டோடு வந்து நிற்கமாட்டேன் என்று அவள் பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள். பாலர் பாடசாலையில் படிப்பிக்கப் போனாள். அவளுக்குத் திமிர் என்று ஊர் சொன்னது. சொன்னவர்களில் நானும் ஒருத்தி.

இதெல்லாம் எனக்குள் இருக்கும்போதுதான் அந்தக் கடைசி வீட்டுக்கு நான் பயணம் சொல்லப் போனேன். போகும்போது ஒரு திட்டமும் இல்லை. எல்லா வீட்டிலும் சொன்னதையே சொன்னேன். ஏதும் பிழை செஞ்சிருந்தா மாப்புச் செஞ்சிருங்க மச்சி.

அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "உங்களுக்கு நான் எத மாப்புச் செய்ய? அண்டைக்கு நீங்க தூக்கிட்டு ஓடாட்டி என்ட புள்ளயே இல்ல. நீங்க என்ன செஞ்சிருந்தாலும் துனியாவிலயும் ஆகிறத்திலயும் நான் மாப்புச் செஞ்சிட்டன்."

இம்மையிலும் மறுமையிலும் மன்னித்துவிட்டேன் என்கிறாள். இதற்கு மேல் ஒரு மனுசிக்கு என்ன வேண்டும்? நான் எழும்பப் போனேன். அவள் கையை விடவில்லை.

"எனக்காக ஒரு துஆ கேக்கணும். கஃபாவக் கண்ணால கண்ட உடன கேக்கிற முதல் துஆ தள்ளப்படாதாம். என்ட புள்ளட வாழ்க்கையக் கெடுத்தவள அல்லாஹ் கேக்கட்டும் எண்டு கேளுங்க மச்சி. எல்லாருக்கும் நான் மாப்புச் செய்வன். அவளுக்கு ஏலாது."

அவள் மனதில் இருந்தது மூதூரில் இருந்த தங்கை. ஆனால் அந்த வேண்டுதல் யாருக்குப் போய்ச் சேரும் என்பது எனக்குத் தெரியும், கேட்கப்படுகிறவனுக்கும் தெரியும். ஓம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். குசினியில் நின்று ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்தேன். அந்த நேரம் எனக்கு வந்தது வெறும் பயம். மச்சியை நினைத்தோ, அந்தப் பிள்ளையை நினைத்தோ, தங்கையை நினைத்தோ வந்த பயம் இல்லை. எனக்கு ஏதும் நடந்துவிடும் என்ற பயம். என்னைப் பற்றி நல்லதாக எழுத இந்த இடத்தில் ஒன்றும் இல்லை.

கணவரிடம் முழுவதையும் சொன்னேன். அவருக்கும் அன்றைக்குத்தான் தெரியும். 

"ஏன் இப்ப போய்க் கிளறுற? அல்லாஹ்ட்ட அழுது தவ்பா செய். அவங்கதான் என்ன செஞ்சிருந்தாலும் மாப்பு எண்டுட்டாங்களே" என்றார்.

நானும் அதைத்தான் கேட்க விரும்பினேன். யாராவது சொல்லமாட்டார்களா என்று காத்திருந்தேன் என்றும் சொல்லலாம். அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன்.

அடுத்த நாள் மூதூரில் இருக்கிற என் சொந்தக்காரருக்குப் பயணம் சொல்ல வேண்டியிருந்தது. முந்தி லோஞ்சியில் குடாவைக் கடந்து போனோம், இப்போது பஸ்ஸில் கிண்ணியாவால் சுற்றிப் போகிறோம். என் சொந்தக்காரர் வீட்டில் இருந்து கதைத்துக்கொண்டிருந்தபோது, நான் வந்ததைக் கேள்விப்பட்டு மச்சியின் தங்கை வந்துவிட்டாள். நீரிழிவு என்கிற சீனி வருத்தத்தில் அவளுடைய ஒரு கால் வீங்கியிருந்தது. வெயிலில் பொல்லை ஊன்றி நடந்து வந்திருந்தாள். அவளைக் கண்டதும் என் வாயில் வந்தது பழகிப்போன அந்தக் கதைதான். ஏதும் பிழை செஞ்சிருந்தா மாப்புச் செஞ்சிருங்க.

"நீங்க எனக்கு என்ன பிழை செஞ்சீங்க?" என்றாள். "நான்தான் ஏதோ செஞ்சிட்டன் போல. என்ன செஞ்சன் எண்டுதான் தெரியா. என்ட கூடப்பொறந்த ராத்தாட்ட நீங்க கேளுங்களேன். நான் செஞ்சது இன்னது எண்டு அவ சொல்லட்டும். செய்யாட்டியும் நான் ஒத்துக்கிறன். மாப்பும் கேக்கிறன். மௌத்தாகிறதுக்கு முன்ன ஒருக்கா அவட கையால ஒரு தேத்தண்ணி குடிச்சாப் போதும்."

நான் குனிந்து என் கைப்பையின் சிப்பைத் திறந்து திறந்து பூட்டிக்கொண்டிருந்தேன். செய்தவள் நான். செய்தது இன்னதென்று தெரியும். தெரிந்தும் சொல்லாமல் வீடு வீடாக மாப்பு வாங்கித் திரிகிறேன். ஒன்றும் செய்யாதவள் வீங்கிய காலோடு வந்து, செய்யாததை ஒத்துக்கொள்கிறேன் என்கிறாள். அவளுடைய முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கேட்கிறேன் என்று மட்டும் சொன்னேன். திரும்பி வரும் பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் என்ன சுகமில்லையா என்று கேட்கும்வரை நான் அழுவது எனக்கே தெரியவில்லை.

பயணத்துக்கு முதல் நாள் பகல் மச்சியின் வீட்டுக் குசினிக்குப் போனேன். நான் கொண்டுபோவதற்கென்று அவள் சீனிச் சம்பல் செய்துகொண்டிருந்தாள். தாச்சியில் வெங்காயம் வதங்கிக்கொண்டிருந்தது.

"வாங்க மச்சி, இன்னும் கொஞ்சம் வதங்கணும். அங்க சாப்பாடு ஒத்துவராதாம்" என்றாள்.

எப்படித் தொடங்கினேன் என்று நினைத்தாலே கூசுகிறது. முதலில் வேனைப் பற்றிச் சொன்னேன். நீங்கள் எனக்குச் சொல்லாமல் மறைத்தீர்கள், எனக்கு மனவருத்தமாக இருந்தது என்றேன். மாப்புக் கேட்கப் போன இடத்தில் நான் முதலில் செய்தது அவளில் குற்றம் கண்டதுதான். அவள் ஒன்றும் விளங்காமல் அகப்பையால் கிளறிக்கொண்டிருந்தாள். பிறகு அந்த இரண்டு பெண்களும் வந்ததைச் சொன்னேன். கேட்டார்கள், கதையோடு கதையாக அதுவும் வந்துவிட்டது என்றேன்.

"எது?" என்றாள்.

"வலிப்பு."

"ஆர் சொன்ன?"

அவ்வளவு நேரமும் நான் சுற்றிச் சுற்றிப் போனது அந்த ஒரு சொல்லைச் சொல்லாமல் தப்பத்தான்.

"நான்" என்றேன்.

அவள் அடுப்பை அணைத்தாள். கையைச் சீலையில் துடைத்தாள். ஏசுவாள், கத்துவாள் என்று நினைத்தேன். அப்படி எதுவும் செய்யவில்லை. மெல்லமாகத்தான் கேட்டாள்.

"அண்டைக்கு நான் உங்கட மடியில தான தலைய வச்சி அழுதன்?"

"ஓம்."

"தங்கச்சிட வேல எண்டு நான் சொல்லக்குள்ள நீங்க என்ன சொன்னீங்க?"

"தெரியும்தானே மச்சி."

"சொல்லுங்க."

"அப்பிடியும் இரிக்கும் எண்டு சொன்னன்."

அவள் தலையை மெல்ல ஆட்டினாள், கணக்கு இப்போதுதான் சரிவந்ததுபோல. நான் அந்த நேரம் பார்த்து, என்னை மாப்புச் செய்ங்க என்று அவள் கையைப் பிடிக்கப் போனேன். கையை இழுத்துக்கொண்டாள்.

"மாப்புத்தான் குடுத்திட்டனே. தந்தத நான் திருப்பிக் கேக்கல்ல. இதுக்கு எண்டு தெரிஞ்சி குடுக்கல்ல, அவ்வளவுதான்."

பின்னால் ஏதோ அசைந்தது. மகள் பாலர் பாடசாலையால் வந்து குசினி வாசலில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. அவள் தோளில் மாட்டியிருந்த பையைக்கூடக் கழற்றவில்லை. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை எங்களை அனுப்பிவைக்கத் தெரு முழுதும் வந்து நின்றது. மச்சி வீட்டுப் படலை பூட்டியிருந்தது. அவளும் மகளும் முதல் பஸ்ஸில் மூதூருக்குப் போய்விட்டார்கள் என்று மீன்காரர் சொன்னார். சீனிச் சம்பல் வரவில்லை. எல்லாரும் அழுதார்கள், நானும் அழுதேன், வேன் வெளிக்கிட்டது. தங்கையின் வீட்டில் அந்த நேரம் என்ன நடக்கும், எப்படி ஏசுவார்கள் என்று கொழும்பு போய்ச் சேரும்வரை எண்ணிக்கொண்டே இருந்தேன். அவர்கள் இருவரும் ஒன்றுசேர்ந்ததில் எனக்குச் சந்தோசம் வந்திருக்க வேண்டும். அது மெல்லத்தான் வந்தது.

கஃபாவைக் கண்டபோது மச்சி கேட்கச் சொன்னதை நான் கேட்கவில்லை. கேட்கத் துணிவில்லை. நின்று அழுதேன். பக்கத்தில் நின்றவர்கள் எவ்வளவு பக்தி என்று நினைத்திருப்பார்கள்.

திரும்பி வந்ததும் ஊருக்கு நான் ஹாஜியானி ஆகிவிட்டேன். ஸம்ஸம் தண்ணீருக்கும் பேரீச்சம்பழத்துக்கும் ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். தங்கள் பிள்ளைகளின் தலையில் என் கையை வைக்கச் சொன்னார்கள். மச்சியும் வந்தாள். கதிரையில் இருந்தாள், தண்ணீரை பிஸ்மி சொல்லிக் குடித்தாள். தங்கை வந்து தன்னோடு இருப்பதாகவும், காலுக்கு மருந்து செய்விப்பதாகவும் சொன்னாள். போகும்போது, "போய்ட்டு வாறன் ஹாஜியானி" என்றாள். மச்சி என்று கூப்பிடவில்லை. அதற்குப் பிறகு இன்றைக்குவரை கூப்பிடவில்லை.

மகள் கடைசியாகத்தான் வந்தாள். வருகிற ஆட்கள் எல்லாம் ஓய்ந்த பிறகு ஒரு பின்னேரம், பின்பக்கத்தால் வந்தாள். முப்பத்தைந்து வயது நெருங்குகிற பெண், என் குசினியில் ஒரு பிள்ளையைப் போல நின்றாள். கதிரையில் இருக்கச் சொன்னேன். இருக்கவில்லை.

"மாமி, நீங்க உம்மாட்ட மாப்புக் கேட்டீங்க. என்னட்டக் கேக்கல்ல" என்றாள்.

உண்மைதான். ஊரெல்லாம் கேட்ட எனக்கு இவளிடம் கேட்க வேண்டும் என்று ஒரு தரமும் தோன்றவில்லை. வலிப்பு என்றும், சம்பந்தம் என்றும், வாழ்க்கை என்றும் நாங்கள் பெரியவர்கள் இத்தனை வருஷமாகக் கதைத்தது எல்லாம் அவளுடையது. அவளை யார் கேட்டார்கள்? நான் எழும்பி, என்ன பிழை என்று பெயரிட்டுச் சொன்னேன். உங்களுக்குச் சின்ன வயதில் வலிப்பு வந்ததை அந்தப் பெண்களிடம் சொன்னது நான், தெரிந்துதான் சொன்னேன், என்னை மாப்புச் செய்ங்க என்றேன். இந்த முறை வேனைப் பற்றிச் சொல்லவில்லை.

அவள் அதற்கு ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

"எனக்கு வலிப்பு வந்த எண்டே நீங்க உம்மாட்டச் சொன்ன அண்டைக்குத்தான் தெரியும் மாமி. உம்மா எனக்கு ஒருநாளும் சொல்லல்ல. நான் பயந்திருவன் எண்டு விட்டிருக்கிறா. சரிவரல்ல எண்டு மட்டும்தான் சொன்ன." சுவரில் சாய்ந்துகொண்டாள். "வந்தாங்க, என்னப் பாத்தாங்க, பொறகு வேணாம் எண்டுட்டாங்க. ரெண்டாவது ஆக்களும் அப்பிடித்தான். அப்ப நான் என்ன நினைக்கிற? என்ட மூஞ்சிதான் ஆக்களுக்குப் புடிக்கல்ல எண்டு நினைச்சன். இவ்வளவு காலமும் அப்பிடித்தான் நினைச்சிட்டிருந்தன்."

பிடிவாதம் என்று நாங்கள் சொன்னது, திமிர் என்று நான் சொன்னது, எல்லாம் இதுதான். நான் கெடுத்தது ஒரு சம்பந்தத்தை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அவளைப் பார்த்தேன். நெற்றியில் பாலர் பாடசாலைச் சோக்கட்டித் தூள் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

"அப்பிடிச் சொல்லாதீங்க மகள்" என்றேன். "நீங்க எவ்வளவு வடிவான புள்ள."

"இத அண்டைக்கு அவங்களுக்குச் சொல்லியிருக்கலாமே மாமி" என்றாள்.